கோபுரத்திடம் அடையாளம் கேட்கலாமா?

வாசகர் கேள்வி–பதில்

5ஜிக்கு அடுத்து வரப்போகும் கைபேசித் தலைமுறையான 6ஜி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வேகத்தையும் விலையையும் கேட்டு வந்த கடிதங்கள் குறைவு. யார் ஒட்டுக்கேட்கிறார்கள், யார் பின்தொடர்கிறார்கள், யார் என் வங்கியின் பெயரில் வருகிறார்கள் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசித் துறையில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்விகள் எனக்கு மிகவும் நிறைவளிக்கின்றன. 6ஜியின் விதிகள் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம்.

கடைவீதியில் நின்றுகொண்டிருந்தேன். 5ஜி காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று 2ஜிக்கு இறங்கியது. உடனே என் வங்கியின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி, லிங்க்குடன் வந்தது. வங்கியில் கேட்டால் நாங்கள் அனுப்பவில்லை என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பழைய செய்திகளுக்குக் கீழேயே இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறதே, எப்படி?
— மருந்துக் கடை உரிமையாளர், தாராபுரம்

ஐயா, லிங்க்கைத் தொடாமல் வங்கிக்குப் போய்க் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

சிக்னல் 2ஜிக்கு இறங்குவது தினமும் நடப்பதுதான். கட்டடத்துக்குள் போனால் இறங்கும், கூட்டம் கூடினால் இறங்கும். அது மட்டும் இருந்தால் நான் சந்தேகப்பட மாட்டேன். இறங்கியதும் இப்படி ஒரு செய்தியும் வந்தால் சந்தேகப்படுவேன். காரின் பின்சீட்டில் வைக்கக்கூடிய அளவுக்குச் சிறிய போலிக் கோபுரங்கள், அதாவது செல்போன் கோபுரம் போல நடிக்கும் கருவிகள், உலகில் புழங்குகின்றன. இத்தகைய கருவிகளை வைத்து மோசடிச் செய்தி அனுப்பியவர்களை 2024ல் லண்டனிலும் பாங்காக்கிலும் போலீசார் பிடித்தார்கள். கருவி முதலில் பலமான சிக்னலை வீசிப் பக்கத்திலுள்ள போன்களை இழுக்கும். பிறகு 2ஜிக்கு இறங்கி வா என்று சொல்லும். செய்தியைத் தள்ளியதும் விட்டுவிடும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். சிக்னல் பழையபடி ஆகிவிடுவதால் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

ஏன் 2ஜிக்கு இறக்குகிறார்கள்? 2ஜியை வடிவமைத்த எண்பதுகளில், கோபுரம் வைப்பது அரசாலும் பெரிய நிறுவனத்தாலும் மட்டுமே முடிகிற காரியம். அதனால் போன் தன்னைக் கோபுரத்திடம் நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் விதி எழுதினார்கள். கோபுரம் தன்னைப் போனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. 3ஜியில் இதைச் சரிசெய்து, இரு பக்கமும் ஒன்றையொன்று சோதிக்க வைத்தார்கள். 4ஜியும் 5ஜியும் அப்படித்தான். ஆனால் உங்கள் போனுக்கு இன்னும் 2ஜி பேசத் தெரியும். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தாழிடாமல் விட்ட கதைதான் இது.

வங்கியின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் என்பது வெறும் எழுத்து. எதை எழுதினாலும் போன் அப்படியே காட்டும். பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே வரிசையில் சேர்த்தும்விடும். நம் நாட்டில் வணிகச் செய்தி அனுப்புகிறவர்கள் தங்கள் தலைப்பையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. விளம்பரமா, சேவையா, அரசுச் செய்தியா என்று காட்ட இப்போது தலைப்பின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சோதனை தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நடக்கிறது. போலிக் கோபுரத்திலிருந்து வரும் செய்தி அந்த வழியாக வருவதே இல்லை. கடைசி எழுத்தையும் மோசடிக்காரனே போட்டுக்கொள்வான்.

இப்போது செய்யக்கூடியது: ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், அமைப்புகளில் சிம் பகுதிக்குள் 2ஜியை அனுமதிக்கவா என்று ஒரு விசை இருக்கிறது. அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் அவசர அழைப்புக்கு 2ஜி பயன்படும். ஐபோனில் லாக்டவுன் மோடு போட்டால் 2ஜி அடங்கும். ஆனால் அது வேறு பல வசதிகளையும் நிறுத்திவிடும். உங்கள் கிராமத்தில் 2ஜி மட்டும்தான் எடுக்கிறது என்றால் விசையைத் தொட வேண்டாம். அந்தச் செய்தியை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் புகாராகப் பதிவு செய்யுங்கள்.

5ஜியில் சிம்மின் நிரந்தர எண் மறையாக்கம் செய்துதான் அனுப்பப்படுகிறது என்று வகுப்பில் படித்தோம். அப்படியென்றால் பின்தொடரும் பிரச்சினை தீர்ந்துவிட்டது அல்லவா?
— பொறியியல் மாணவர், திருநெல்வேலி

தம்பி, பாதி தீர்ந்தது. மீதிப் பாதியைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு சிம்முக்கும் பொதுவாக 15 இலக்கங்கள் கொண்ட ஒரு நிரந்தர எண் உண்டு. இந்திய சிம் என்றால் 404 அல்லது 405 என்று தொடங்கும், இலங்கை சிம் என்றால் 413. 4ஜி வரை, 'நீ யார்?' என்று கோபுரம் கேட்டால் போன் இந்த எண்ணைத் திறந்தபடியே சொல்லிவிடும். கேட்டது போலிக் கோபுரம் என்றாலும் சொல்லிவிடும். ஒரு பொதுக்கூட்டத் திடலின் ஓரத்தில் இப்படி ஒரு கருவியை வைத்தால், வந்திருந்த போன்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். 2018ல் வெளியான 5ஜியின் முதல் விதித்தொகுப்பு இதை மாற்றியது. சொந்த நிறுவனத்தின் பொதுச் சாவியைக் கொண்டு (இதனால் பூட்டத்தான் முடியும், திறக்க நிறுவனத்திடம் உள்ள ரகசியச் சாவி வேண்டும்) போன் அந்த எண்ணைப் பூட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் பூட்டிய வடிவம் வேறாக இருக்கும். நாட்டுக் குறியும் நிறுவனக் குறியும் மட்டும் திறந்திருக்கும். செய்தியை எங்கே கொண்டுசேர்ப்பது என்று தெரிய அவை வேண்டும்.

ஆனால் பூட்டாமலே அனுப்பும் ஒரு முறையையும் அதே விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. நிறுவனம் சிம்மில் சாவியை வைக்காவிட்டால் போன் அந்த முறைக்குத்தான் போகும். அடுத்தது, 5ஜி என்று திரையில் தெரிவதெல்லாம் முழு 5ஜி அல்ல. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஒரு பகுதி 4ஜியின் மைய அமைப்பின்மேல்தான் ஓடியது. அங்கே இந்தப் பூட்டு கிடையாது.

எண்ணைச் சரியாகப் பூட்டிய இடத்திலும் ஒரு கசிவு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த தலைமுறையின் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. வலையமைப்பு உங்கள் போனைச் சோதிக்க ஒரு சவாலை, அதாவது பதில் கேட்கும் ஒரு செய்தியை, அனுப்புகிறது. அதில் ஒரு முத்திரை இருக்கும். அது உங்கள் சிம்மில் உள்ள ரகசியச் சாவியால் இடப்பட்டது. கூடவே ஒரு வரிசை எண்ணும் இருக்கும். போன் முதலில் முத்திரையைப் பார்க்கும். தன் சாவியால் இடப்பட்டது அல்ல என்றால், 'முத்திரை தவறு' என்று திருப்பி அனுப்பும். முத்திரை சரி, ஆனால் வரிசை எண் பழையது என்றால், 'எண் ஒத்துவரவில்லை' என்று திருப்பி அனுப்பும்.

இப்போது உங்களைப் பின்தொடர நினைப்பவனின் இடத்தில் இருந்து யோசியுங்கள். உங்கள் போனுக்கு ஒருநாள் வந்த சவாலைக் காற்றில் பிடித்து வைத்துக்கொள்கிறான். அடுத்த வாரம் ஒரு விடுதி வாசலில் நின்று, அருகில் வரும் எல்லாப் போன்களுக்கும் அதே பழைய சவாலை அனுப்புகிறான். மற்ற போன்கள் எல்லாம் 'முத்திரை தவறு' என்கின்றன. ஒரே ஒரு போன் மட்டும் 'எண் ஒத்துவரவில்லை' என்கிறது. அது உங்களுடையது. அவன் உங்கள் எண்ணை உடைக்கவில்லை, சாவியைத் திருடவில்லை. இரண்டு மறுப்புகள் வெவ்வேறாக இருந்ததே அவனுக்குப் போதும். 3ஜியில் இந்த ஓட்டை இருப்பது 2012லேயே வெளியானது. சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேசினும் சக ஆய்வாளர்களும் 2018ல் 5ஜியின் விதிகளைக் கணித முறையில் சோதித்தபோது, அங்கும் அது அப்படியே இருப்பதைக் காட்டினார்கள்.

இதைவிட அடிப்படையான ஒன்றும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் 'நான் இன்ன நிறுவனம், இன்ன அலைவரிசை, இப்படி வந்து சேர்' என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. 5ஜியிலும் அந்த அறிவிப்பில் டிஜிட்டல் கையெழுத்து இல்லை. சோதனை தொடங்கும்வரை எதிரே இருப்பது அசல் கோபுரமா என்று போனால் கேட்கவே முடியாது. தாராபுரம் ஐயாவின் போனை இழுத்தது போலிக் கோபுரம்தான் என்றால், இந்த இடைவெளியில்தான் இழுத்திருக்கும். கையெழுத்து இட வேண்டும் என்ற யோசனை வந்து ஆண்டுகள் ஆகின்றன. அறிவிப்பு நீண்டுவிடும், வெளிநாட்டுக்குப் போகிற போனுக்கு எந்தச் சாவியைத் தருவது, அசல் அறிவிப்பையே பிடித்து மறுபடி வீசினால் என்ன செய்வது என்று தடைகள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மையான தடைகள்தான். ஆனாலும் 6ஜியிலும் கோபுரத்திடம் அடையாளம் கேட்க முடியாது என்றால், அதை ஏற்க என் மனம் மறுக்கிறது. இத்தனை தலைமுறைகளாகியும் கோபுரத்தின் அந்த முதல் அறிவிப்பை மட்டும் போன் சோதிக்காமலே நம்பிக்கொண்டிருக்கிறது.

3ஜிபிபி என்ற உலக அமைப்பில்தான் இந்த விதிகள் எழுதப்படுகின்றன. இந்தியாவின் தொலைத்தொடர்புத் தரவிதி அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ அதில் ஒரு பங்காளி. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைக்களம் 2022ல் திறக்கப்பட்டது. உங்களைப் போன்ற மாணவர்கள் உட்கார வேண்டிய இடங்கள் இவை.

வைஃபை பெட்டியால் வீட்டுக்குள் ஆள் நடமாட்டத்தைப் பார்க்க முடியும் என்கிறான் என் மகன். கேமராவே இல்லாமல் எப்படி? பயமுறுத்துகிறானா?
— இல்லத்தரசி, காரைக்குடி

அம்மா, உங்கள் மகன் சொல்வது உண்மை. படம் எடுக்காது, ஆனால் அசைவை உணரும்.

வைஃபை அலை போனுக்கு நேராக மட்டும் போவதில்லை. சுவரில் பட்டு, பீரோவில் பட்டு, உங்கள் மேல் பட்டு, பல வழிகளில் வந்து சேருகிறது. ஒவ்வொரு அலைவரிசையும் எவ்வளவு வலுவோடு, எந்த நிலையில் வந்தது என்று பெட்டி அளந்துகொண்டே இருக்கிறது. அப்படி அளக்காவிட்டால் இன்றைய வேகம் கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். மூச்சை இழுக்கும்போது உங்கள் மார்பு 5 மில்லிமீட்டர் முன்னால் வந்தது என்று வையுங்கள். அதில் பட்டுத் திரும்பும் அலையின் பாதை, போக வர 10 மில்லிமீட்டர் குறைகிறது. அது அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு. பெட்டிக்கு அது நன்றாகவே தெரியும். எம்ஐடியின் தீனா கட்டாபி குழுவினர் சுவருக்கு அப்பால் நடப்பவரை வைஃபை அலையால் உணர்வதை 2013ல் காட்டினார்கள். தொலைவில் இருந்தபடியே ஒருவரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் ரேடியோ அலையால் அளப்பதை 2015ல் காட்டினார்கள்.

அன்று அது ஆய்வகத்தில் நடந்த சோதனை. இன்று வைஃபையால் உணர்வதற்கென்றே 802.11பிஎஃப் என்ற தரவிதி 2025ல் வந்துவிட்டது. 2030 வாக்கில் வரப்போகும் 6ஜி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023 நவம்பரில் வகுத்த சட்டகத்தில் ஆறு பயன்பாடுகள் இருக்கின்றன. தகவல் தொடர்பும் சுற்றுப்புறத்தை உணர்வதும் ஒரே அலையில் நடப்பது அவற்றில் ஒன்று. அதாவது, தெருக்கோடிக் கோபுரமே ராடாரும் ஆகிவிடும்.

நன்மை இல்லாமல் இல்லை. தனியாக வாழும் பெரியவர் குளியலறையில் விழுந்தால், கேமரா வைக்க முடியாத அந்த இடத்திலும் தெரிந்துவிடும். தனிமையில் இருக்கும் பெற்றோரை நினைத்து வெளியூரில் தவிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இதுவரை நாம் பேசிய எல்லாப் பாதுகாப்பும் போன் வைத்திருப்பவருக்கானது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் தப்பலாம் என்று ஒரு வழியாவது இருந்தது. உணரும் அலைக்கு உங்களிடம் போன் இருக்க வேண்டியதே இல்லை, உடம்பு இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பெட்டியின் அலை உங்கள் படுக்கையறைக்குள் வருகிறது. அவர் தன் பெட்டிக்கான ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்கலாம், நீங்கள் கொடுக்கவில்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் சம்மதத்தின் மேல் நிற்கிறது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தரவைத்தான் அது காக்கிறது. 'மூன்றாவது அறையில் ஒருவர் தூங்குகிறார்' என்ற தகவலில் பெயர் இல்லை. அதைச் சட்டம் காக்குமா? வீடு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற திருடனுக்குப் பெயர் எதற்கு?

என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். உணரும் வசதி இயல்பில் அணைந்தே வர வேண்டும். அளவீடு வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. பெட்டியும் போனும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் அலை அளவீடுகள் இன்று பல இடங்களில் பூட்டப்படாமலே காற்றில் போகின்றன. தெருவில் நிற்பவனும் அதைக் கேட்கலாம். முதலில் அதைப் பூட்ட வேண்டும். இதெல்லாம் பெட்டிகள் கோடிக்கணக்கில் விற்ற பிறகு செய்யக்கூடிய வேலை அல்ல.

போனில் லொகேஷனை அணைத்து வைத்தால் நான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாதுதானே?
— கல்லூரி மாணவி, விழுப்புரம்

செயலிகளுக்குத் தெரிவது குறையும். தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே உங்களுக்கு அழைப்பைக் கொண்டுவர முடியும்? 5ஜியிலும் 6ஜியிலும் கோபுரங்கள் நெருக்கமாகிக்கொண்டே போவதால் அந்த எல்லையும் சுருங்கிக்கொண்டே வரும். அந்தத் தகவலை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் கேட்டால் தரலாம் என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசியுங்கள்.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாப் பூட்டும் உடைந்துவிடும் என்கிறார்களே?
— பள்ளி ஆசிரியர், நாமக்கல்

எல்லாம் அல்ல. சிம்முக்குள் இருக்கும் ரகசியச் சாவியும் உரையாடலைப் பூட்டும் முறையும் வேறு வகை. சாவியின் நீளத்தை 256 பிட்டாக்கினால் தாங்கும். உடையப்போவது பொதுச் சாவி முறைகள். அவற்றைக் குவாண்டம் கணினியால் உடைக்க முடியும் என்று பீட்டர் ஷோர் 1994லேயே காட்டினார். திருநெல்வேலித் தம்பிக்குச் சொன்னேனே, 5ஜியில் சிம் எண்ணைப் பூட்டும் முறை, அது இந்த வகைதான். அத்தனை பெரிய கணினி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று காற்றில் போவதைப் பதிந்து வைத்து, கணினி வந்த பிறகு திறந்து பார்க்கலாம்.

மாற்று முறைகள் தயாராக இருக்கின்றன. அமெரிக்க அரசின் தரவிதி நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று தரவிதிகளை வெளியிட்டது. சிக்கல் அளவில்தான். இப்போது பூட்டுவதற்கு 32 பைட் அனுப்பினால் போதும் என்ற இடத்தில், புதிய முறையின் நடுத்தர வடிவத்துக்கு 1,088 பைட் வேண்டும். போன் வலையமைப்போடு முதன்முதலில் பேசும் அந்தச் சின்னச் செய்திக்குள் இதை எப்படி அடைப்பது என்பதுதான் இப்போதைய வேலை.

ஓடிபியைக் குறுஞ்செய்தியில் பெறுவது பாதுகாப்பானதா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

வேறு வழி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். நிறுவனங்களுக்கு இடையே அழைப்புகளையும் செய்திகளையும் கடத்தும் எஸ்எஸ்7 என்ற ஏற்பாடு, ஒருவரையொருவர் நம்பிய காலத்தில் உருவானது. அதன் வழியாக ஓடிபிகளைத் திசைதிருப்பி வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தது ஜெர்மனியில் 2017ல் உறுதியானது. சிம்மையே மாற்றி வாங்கி ஏமாற்றுவது இன்னும் சுலபம். அதனால்தான் சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்று 2024 ஜூலை முதல் விதி வந்தது. போனில் சிக்னல் காரணமில்லாமல் நெடுநேரம் செத்துக் கிடந்தால், இன்னொரு போனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள்.

எனக்கு வயது 74. பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். இந்தக் கவலையெல்லாம் எனக்கும் உண்டா?
— விவசாயி, மணப்பாறை

ஐயா, உங்களுக்காகத்தான் 2ஜி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உடனே மூடிவிட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் உங்களை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கையில் ஒரு நல்ல 4ஜி பட்டன் போனும், உங்கள் ஊரில் அதற்கான சிக்னலும் வந்த பிறகுதான் மூட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு தேதி குறித்தாக வேண்டும், அதுவும் அரசின் செலவில் நடக்க வேண்டும். மற்றவர்களின் பாதுகாப்புக்காகச் செய்கிற மாற்றத்துக்கு உங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை.

2ஜியின் பழைய பூட்டை உடைக்கும் அட்டவணைகள் 2009லேயே பகிரங்கமாக வந்துவிட்டன. பக்கத்தில் கருவியோடு ஒருவன் உட்கார்ந்தால் பேச்சைக் கேட்க முடியும். அப்படி உங்களைத் தேடி மணப்பாறைக்கு ஒருவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. சாதாரண பட்டன் போனில் லிங்க்கைத் தொட்டு ஏமாறவும் வழி குறைவு. உங்களைத் தேடி வருவது அழைப்புதான்: வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீசிலிருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள் என்பார்கள். ஓடிபியை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாங்காத எண் அதில் இருந்தால், அதே பக்கத்தில் 'என்னுடையது அல்ல' என்று பதிவு செய்யலாம்.